கையொப்பம் இல்லாத பக்கங்கள்

ஓர் உதவித்தொகைத் திட்டத்தின் வருமான வரம்பை அரசு உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசாணை வெளியாகிறது. நாளிதழ்களில் செய்தி வருகிறது. மாவட்ட அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை போகிறது. துறையின் இணையதளத்தில் மட்டும் பழைய வரம்பே நிற்கிறது. புதிய வரம்புக்குள் வரக்கூடிய ஒரு தாய், மகளின் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார். நமக்குக் கிடைக்காது என்று நினைத்து மூடிவிடுகிறார். அவர் மனுக் கொடுக்கவில்லை, ஆகவே யாரும் நிராகரிக்கவும் இல்லை. நிராகரிப்பு இல்லாததால் மேல்முறையீடு இல்லை, புகார் இல்லை, பத்திரிகைச் செய்தியும் இல்லை. அவர் இழந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அரசு இணையதளங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் அவற்றின் தோற்றத்தைக் குறை சொல்கிறார்கள். ஓடும் எழுத்து, மின்னும் "புதியது" அடையாளம், திறக்க மறுக்கும் இணைப்பு என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு அவற்றில் பெரிய வருத்தம் கிடையாது. அழகற்ற பக்கத்தில் சரியான தகவல் இருந்தால் ஒருவருக்கு வேலை நடந்துவிடும். பளபளப்பான பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முந்தைய விதி இருந்தால் அவர் ஒரு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகர் வரை போய் வெறுங்கையோடு திரும்புவார்.

சென்னையில் ஒரு மாநிலத் துறையின் இணையதளத்துக்கு உள்ளடக்கம் பார்க்கும் ஒப்பந்தப் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். எந்தத் துறை என்பது இங்கே முக்கியமில்லை. வேறு துறைகளில் இதே வேலையில் இருந்த நண்பர்கள் சொன்னவையும் என் அனுபவத்தை ஒத்தே இருந்தன. அந்தப் பணியில் இருந்து நான் எடுத்துவந்த ஒரே கருத்தைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்: அரசில் காகிதத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், இணையப் பக்கத்துக்கு இல்லை.

ஒரு கோப்பை எடுத்துப் பாருங்கள். உதவியாளர் குறிப்பு எழுதுகிறார், கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் இடுகிறார், அது படிப்படியாக மேலே போய் ஒப்புதலோடு இறங்குகிறது. ஒவ்வொரு கைக்கும் தேதி உண்டு. பத்து ஆண்டு கழித்துத் தணிக்கை வந்தாலும் இந்த வரியை எழுதியவர் யார், பார்த்தவர் யார் என்று சொல்லிவிடலாம். அதே பிரிவு இணையதளத்துக்கு ஒரு தகவலை அனுப்பும்போது நடப்பதே வேறு. "இணைப்பில் உள்ளதை இணையதளத்தில் பதிவேற்றம் செய்யக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று ஒரு கடிதம் கணினிப் பிரிவுக்கு வரும். கணினிப் பிரிவு அதைப் பராமரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பும். நிறுவனத்தில் இருக்கும் இளைஞர் அதை ஏற்றிவிட்டு "முடிந்தது" என்று பதில் போடுவார். அவருக்கு அந்தத் திட்டம் பற்றித் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. தகவலை அறிந்த பிரிவோ, கடிதம் அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது என்று கோப்பை மூடிவிடும். அடுத்த அரசாணை வரும்போது அந்தப் பக்கத்தை மாற்றவேண்டும் என்ற நினைவு எந்த மேசையிலும் இருக்காது.

எங்கள் துறையில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். முப்பது ஆண்டு அனுபவம், விதிகள் விரல் நுனியில். அவருடைய பிரிவின் பக்கத்தை ஒருமுறை பார்த்துச் சரிசெய்து தருமாறு கேட்டுப் போனேன். "தம்பி, கோப்பில் ஒரு வரி தவறாக இருந்தால் என் சுருக்கொப்பம் அங்கே இருக்கிறது, என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இணையதளத்தில் தவறாக இருந்தால் யாரைக் கேட்பார்கள், சொல்லுங்கள்" என்றார். தட்டிக்கழிக்க அவர் அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். பிறகு உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார். அவர் சிவப்பு மையில் அடித்துத் திருத்திய அந்தத் தாளை அப்படியே கோப்பில் சேர்க்கச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் ஓய்வு பெறும்வரை சரியாக இருந்தது.

அவரிடம்தான் திருத்தச் சீட்டுகளைப் பற்றிக் கேட்டு அறிந்தேன். நிதித் தொகுப்பு, அடிப்படை விதிகள் போன்ற தடித்த புத்தகங்கள் அரசு அலுவலகங்களில் இருக்கும். ஒரு விதி மாறினால் புத்தகத்தை மறுபடி அச்சிடமாட்டார்கள். அச்சிட்ட சிறு திருத்தச் சீட்டு ஒன்று வரும். அதை உரிய பக்கத்தில், உரிய விதிக்கு எதிரே பசை தடவி ஒட்டவேண்டும். ஒட்டுவது இளநிலை உதவியாளரின் வேலை, ஒட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது கண்காணிப்பாளரின் வேலை. நன்றாகப் பராமரித்த புத்தகம் சில ஆண்டுகளில் இரட்டிப்புத் தடிமனாகிவிடுமாம். பழைய விதியைத் தேடிப் போகிறவர் கண்ணில் புதிய விதியும் படாமல் போகாது.

இணையத்தில் இருக்கும் அரசாணைகளுக்கு இந்த ஏற்பாடு இல்லை. தமிழ்நாடு அரசின் தளத்தில் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அரசாணைகள் கிடைக்கின்றன. இது பெரிய காரியம். ஒரு காலத்தில் அரசாணை நகலுக்காகத் தலைமைச் செயலகத்தில் தெரிந்தவரைத் தேடவேண்டியிருந்தது. ஆனால் ஓர் அரசாணையைத் திறந்து படிக்கும்போது, அது பின்னால் திருத்தப்பட்டதா, ரத்தானதா, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அந்தப் பக்கம் சொல்லாது. படிப்பவர் பின்வந்த ஆண்டுகளின் பட்டியலை எல்லாம் புரட்டிப் பார்க்கவேண்டும். வழக்கறிஞரோ தொழிற்சங்கத்துக்காரரோ புரட்டுவார்கள். ஊராட்சியில் இருக்கும் ஒருவர் கையில் கிடைத்த ஆணையையே நம்பிப் போவார். பசையும் சீட்டும் கொண்டு காகிதத்தில் செய்துவந்ததைக் கணினியில் செய்வது எவ்வளவோ எளிது. பழைய ஆணையின் தலையில் "இது இன்ன எண், இன்ன நாளிட்ட ஆணையால் திருத்தப்பட்டது" என்று ஒரு வரி, ஓர் இணைப்பு. அவ்வளவுதான் தேவை.

சரியாக நடக்கும் பக்கங்களும் இருக்கின்றன. சென்னைக் குடிநீர் வாரியத்தின் ஏரி நிலவரப் பக்கத்தைக் கோடையில் நகரத்தில் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று வரிசையாக ஒவ்வொரு ஏரியின் முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழையளவு, சென்ற ஆண்டு இதே நாளில் இருந்த இருப்பு ஆகியவை அதில் இருக்கும். புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 என்று சென்னைவாசிகளுக்கு மனப்பாடம் ஆனதற்கு இந்த அட்டவணை ஒரு காரணம். ஏரிகள் வறண்டுபோன 2019 கோடையில் செய்தியாளர்களும் குடியிருப்புச் சங்கங்களும் காலையில் எழுந்ததும் திறந்து பார்த்தது இதைத்தான்.

அலங்காரம் ஏதும் இல்லாத எளிய அட்டவணை அது. ஆனாலும் நாள்தோறும் மாறுகிறது. ஏனென்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த எண்கள் இணையதளத்துக்காக எடுக்கப்படுபவை அல்ல. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் நகரத்துக்கு எவ்வளவு விடுவது என்று பொறியாளரால் முடிவெடுக்க முடியாது. வாரியம் தன் வேலைக்காக எடுக்கும் அளவையே மக்களுக்கும் காட்டுகிறது. வேலையில் இருந்து தானாக விழும் தகவல் உயிரோடு இருக்கிறது. வேலை முடிந்த பிறகு தனியாக எழுதி அனுப்பவேண்டிய தகவல் மறக்கப்படுகிறது. பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் பார்ப்பதும் இதே காரணத்தால்தான் நடக்கிறது. வட்டாட்சியர் அலுவலகம் எதில் வேலை செய்கிறதோ அதைத்தான் நாமும் பார்க்கிறோம். அந்தச் சேவையைச் சுற்றி இருக்கும் விளக்கக் குறிப்புகள் அப்படி இல்லை. யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும், எழுதியதை மறுபடி பார்க்கவேண்டும். அந்த "யாராவது" யார் என்பதுதான் கேள்வி.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் தேசியத் தகவலியல் மையம் 2009இல் கொண்டுவந்தது. 2018இல் இரண்டாம் பதிப்பும் 2023இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. ஒவ்வொரு துறையும் ஓர் இணையத் தகவல் மேலாளரை நியமிக்கவேண்டும், அவருடைய தொடர்பு விவரம் தளத்தில் இருக்கவேண்டும் என்கின்றன அவை. உள்ளடக்கத்தை யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புதல் தருவது, எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது, காலம் கடந்ததை எப்போது ஆவணக் காப்பகத்துக்கு நகர்த்துவது என்று தனித்தனிக் கொள்கைகளும் வேண்டும். நல்ல நெறிமுறைகள். படித்தபோது நான் மகிழ்ந்தேன்.

நடைமுறையில் இந்தக் கொள்கைகளே இணையதளத்தின் அடியில் ஓர் இணைப்பாகப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பல துறைகளின் "உள்ளடக்க மறுபார்வைக் கொள்கை" பக்கத்தைத் திறந்தால் ஒரே வாசகம் இருக்கும், துறையின் பெயர் மட்டும் வேறாக இருக்கும். மறுபார்வை செய்யவேண்டிய நாளில் யார் மேசையில் எந்த நினைவூட்டல் வரும் என்று அதில் இருக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் அரசு காட்டும் கண்டிப்பை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு தளத்தை அரசின் தரவு மையத்தில் ஏற்ற வேண்டுமானால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளர் அதை ஆராய்ந்து சான்றிதழ் தந்தாகவேண்டும். சான்றிதழ் இல்லாமல் தளம் வெளியே வராது, எந்த அதிகாரி சொன்னாலும் வராது. அந்தத் தணிக்கை நிரலில் உள்ள ஓட்டைகளைப் பார்க்கிறது. பக்கத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று அது பார்ப்பதில்லை, பார்க்கும்படி அதைக் கேட்பதும் இல்லை. உள்ளடக்கத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு சான்றிதழ் கட்டாயமானால், கண்காணிப்பாளர்கள் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் இருக்கமுடியாது.

நெறிமுறைகளை விடப் பலமான ஆயுதம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் கீழ் மனுப் போடுவதைத்தான் நாம் பெரிதும் அறிந்திருக்கிறோம். நான்காவது பிரிவு அதற்கும் முந்தையது. மக்கள் கேட்காமலேயே பொது அதிகார அமைப்பு தானாக வெளியிடவேண்டிய தகவல்களைப் பதினேழு தலைப்புகளில் அது பட்டியலிடுகிறது. அமைப்பின் பணிகள், அலுவலர்களின் அதிகாரங்கள், மானியத் திட்டங்கள் நடத்தப்படும் முறை, பயனாளிகள் விவரம், பொதுத் தகவல் அலுவலரின் பெயர் எல்லாம் அதில் அடங்கும். சட்டம் இயற்றிய 120 நாட்களுக்குள் வெளியிட்டு, பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். மக்கள் இந்தச் சட்டத்தை நாடவேண்டிய தேவையே குறையும் அளவுக்குத் தானாக வெளியிடவேண்டும் என்கிறது அதன் உட்பிரிவு. உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இப்படி ஒரு சட்டத்தை 1997இலேயே இயற்றி நாட்டுக்கு முன்மாதிரியாக நின்ற மாநிலம் தமிழ்நாடு. அந்தப் பெருமை நமக்கு உண்டு, அதனால் கூடுதல் கடமையும் உண்டு.

இந்தப் பிரிவைக் கையில் எடுத்து என்ன செய்யலாம் என்று ராஜஸ்தான் காட்டியது. அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் இயக்கத்தினர் வேலை உறுதித் திட்டக் கணக்குகளைக் கிராமத்துச் சுவர்களில் எழுதவைத்தவர்கள். அந்த அனுபவம் இணையத்துக்கு வந்தபோது பிறந்ததுதான் 2019 செப்டம்பரில் தொடங்கிய, அந்த மாநில அரசின் ஜன் சூசனா (மக்கள் தகவல்) தளம். அங்கே துறையின் வரலாற்றையோ அமைச்சரின் படத்தையோ முதலில் தேடவேண்டியதில்லை. உங்கள் ஊராட்சியையும் உங்கள் ரேஷன் கடையையும் தேர்ந்தெடுத்து, யாருக்கு என்ன போயிருக்கிறது என்று பார்க்கலாம். எந்தத் தகவல் வேண்டும் என்று முடிவு செய்ததில் அதைப் பயன்படுத்தும் மக்களுக்கும் பங்கு இருந்தது. நம் தளங்களின் முகப்பை யார் தீர்மானிக்கிறார்கள் என்று ஒவ்வொரு துறையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது தொலைபேசி. தளத்தின் அடியில் இருந்த எண் எங்கள் பிரிவில்தான் ஒலித்தது. அழைத்தவர்கள் கேட்டவை எல்லாம் எளிய கேள்விகள். எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும், நேரில் வரவேண்டுமா, சான்றிதழுக்கு நகல் போதுமா, கையெழுத்து யாரிடம் வாங்கவேண்டும், எத்தனை நாளில் பணம் வரும். தளத்தில் நாங்கள் வைத்திருந்ததோ துறை தோன்றிய வரலாறு, அமைப்பு வரைபடம், நோக்கங்கள். ஒரு பெண் அழைத்து, "சார், பக்கம் முழுக்கப் படித்துவிட்டேன், நான் விண்ணப்பிக்கலாமா கூடாதா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அன்றிலிருந்து அழைப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எந்தப் பக்கத்தை முதலில் திருத்துவது என்று அந்த நோட்டுதான் சொன்னது. உள்ளடக்கம் எழுதுகிறவரைப் பொதுமக்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் தனிப் பயிற்சி வகுப்பு தேவைப்படாது.

தமிழில் தேடுகிறவருக்கு வேறு ஒரு சுவரும் இருக்கிறது. பல ஆண்டுகளாக அலுவலகங்களில் வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். திரையில் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது எந்தக் கணினியிலும் தமிழாகவே படிக்கக்கூடிய யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது. ஆயினும் பழைய பழக்கம் சட்டென்று போய்விடவில்லை. அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது: கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, மையால் கையொப்பம் போட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுவது. எழுத்து படமாகிவிடுகிறது. தேடினால் கிடைக்காது. சிறிய கைப்பேசியில் விரலால் இழுத்து இழுத்துப் படிக்கவேண்டும். பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத் தாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் 42ஆம் பிரிவில் மின்னணு ஊடகத்தில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித் திட்ட அறிவிப்பையே ஸ்கேன் செய்த படமாக ஏற்றுவது எனக்குத் தாங்கமுடியாத ஒன்று. கையொப்பமிட்ட ஆணை சட்ட ஆவணமாகக் கிடைக்கட்டும். அதன் சாரத்தை எழுத்தாகப் பக்கத்திலேயே தரவேண்டும், தட்டச்சு செய்த மூலக் கோப்புதான் பிரிவின் கணினியிலேயே இருக்கிறதே.

பிரிட்டனில் அரசின் ஒருங்கிணைந்த இணையதளமான கவ்.யுகே 2012 அக்டோபர் 17இல் தொடங்கியது. இணையத் தொழில்முனைவோரான மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010இல் அரசுக்கு எழுதிய பரிந்துரையில் இருந்து பிறந்தது அது. டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய தளங்களின் இடத்தை முதலில் பிடித்தது. பிறகு அமைச்சகங்களும் நூற்றுக்கணக்கான முகமைகளும் தங்கள் தனித் தளங்களை விட்டு அதற்குள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே தளத்தில் கொட்டும் அந்த ஏற்பாடு நம்முடைய அளவுக்கும் மொழிகளுக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. நான் அங்கிருந்து எடுத்துவர விரும்புவது சிறிய ஒன்று. அங்குள்ள வழிகாட்டிப் பக்கங்களில் முதலில் வெளியான நாள், கடைசியாக மாறிய நாள், ஒவ்வொரு முறையும் என்ன மாறியது என்ற குறிப்பு ஆகியவற்றை எவரும் பார்க்கலாம். எந்தத் துறை வெளியிட்டது என்பது தலைப்பின் கீழேயே இருக்கும். திருத்தச் சீட்டு ஒட்டிய நம் பழைய விதிப் புத்தகம் செய்ததும் இதையேதான்.

நம் தளங்களின் அடியிலும் "கடைசியாகப் புதுப்பித்த நாள்" என்று ஒரு வரி உண்டு. அது பெரும்பாலும் தளம் முழுவதற்கும் ஒரே தேதி. முகப்பில் ஒரு டெண்டர் அறிவிப்பு ஏறினாலே எல்லாப் பக்கங்களிலும் இன்றைய தேதி விழுந்துவிடும். ஐந்து ஆண்டு தொடப்படாத திட்டப் பக்கமும் இன்று காலை சரிபார்த்ததுபோல் நிற்கும். தேதியே இல்லாமல் இருந்தால்கூடப் படிப்பவர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பார்.

என் கோரிக்கை பெரிய செலவு பிடிப்பதல்ல. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பொறுப்பான பிரிவு, சரிபார்த்தவரின் பதவிப்பெயர், சரிபார்த்த நாள், அடிப்படையான அரசாணை எண் ஆகியவை இருக்கவேண்டும். வரைவு ஆணை மேலே போகும்போதே, மாற்றவேண்டிய இணையப் பக்கத்தின் புதிய வாசகமும் அதே கோப்பில் போய் ஒப்புதல் பெறவேண்டும். ஆணை வெளியாகும் நாளில் பக்கமும் மாறிவிடும். அலுவலர் மாறுதலில் போகும்போது நடக்கும் பொறுப்பு ஒப்படைப்பை நினைத்துப் பாருங்கள். சாவி, முத்திரை, நிலுவைக் கோப்புகள், பதிவேடுகள் எல்லாம் பட்டியலிட்டுக் கையொப்பத்தோடு கைமாறும். அந்தப் பட்டியலில் அவர் பொறுப்பில் இருந்த இணையப் பக்கங்களும் ஒரு வரியாக ஏறவேண்டும். பராமரிப்பு நிறுவனத்தின் ஒப்பந்தம் முடியும் நாளும், தளத்தின் முகவரியைப் புதுப்பிக்கவேண்டிய நாளும் அங்கேயே இருக்கவேண்டும். திட்டங்களுக்காகத் தனியார் முகவரியில் தொடங்கிக் கைவிடப்பட்ட தளங்களைச் சூதாட்டக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் கேடு உலகெங்கும் நடக்கிறது. மக்கள் அரசு முகவரி என்று நம்பிப் போகும் இடம் அது.

இதையெல்லாம் துறைகள் தாமாகச் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தவறான அல்லது பழைய பக்கம் ஒன்று கண்ணில் பட்டால், அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். இந்தப் பக்கம் எந்தப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறது, இதற்கு எந்தப் பதவியில் இருப்பவர் எந்தக் கோப்பின் வழியாக ஒப்புதல் தந்தார், கடைசியாகச் சரிபார்த்த நாள் எது என்று மூன்றே கேள்விகள் போதும். நான்காவது பிரிவையும் குறிப்பிடுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் தகவல் ஆணையம். குறிப்பிட்ட தகவல்களை வெளியிடுமாறு ஒரு துறைக்கு உத்தரவிட ஆணையத்துக்குச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆணையம் வரை போகவேண்டிய தேவை அநேகமாக வராது. அந்த மூன்று கேள்விகளும் தபாலில் வந்து ஒரு பிரிவுக்குக் குறிக்கப்பட்டுவிட்டால் அது கோப்பாகிவிடும். பதில் வரைய வேண்டிய உதவியாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பார், அதன் கீழே கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் இடுவார்.